தற்கால ஆர்கெஸ்ட்ரா இசையைக் கேட்பது எப்படி? தூண்டுதலும் கணக்கும்: ஒரு முழுமையான வழிகாட்டி

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியதிலிருந்து, என்னிடம் ஒரே கேள்வி பல வாய்களிலிருந்து வருகிறது. “பாட்டு இல்லை, வரி இல்லை. இதில் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?” கேட்பவர்கள் எல்லோரும் நல்ல காது உள்ளவர்கள். ராகம் பிடிபடும், தாளம் தப்பினால் தெரியும். ஆனாலும் இருபது நிமிட ஆர்கெஸ்ட்ரா படைப்பு ஒன்றின் முன்னால் தடுமாறுகிறார்கள்.

காரணம் நம்மிடம் இல்லை, நாம் பழகிய விதத்தில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு ஆர்கெஸ்ட்ரா அறிமுகமானது சினிமாவின் பின்னணி இசை வழியாகத்தான். அங்கே காட்சி முன்னால் வந்து பொருளைச் சொல்லிவிடும். தாய் அழுகிறாள், வயலின்கள் எழுகின்றன, நமக்குப் புரிந்துவிடுகிறது. திரை இல்லாமல் அதே வயலின்கள் எழுந்தால் மனம் தானாக ஒரு காட்சியைத் தேடுகிறது. இசையமைப்பாளர் “கடலை நினைத்து எழுதினேன்” என்று சொல்லியிருந்தால் போச்சு. கண்ணை மூடிக்கொண்டு கடலைத் தேடுவோம். பத்து நிமிடம் தேடியும் கடல் வராது. இது நமக்கானதில்லை என்று எழுந்துவிடுவோம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு கேள்வியை வைத்து நடக்கிறது. தூண்டுதல் என்ன என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தத் தூண்டுதல் இசையமைப்பாளரின் மேசையில் என்ன கணக்காக மாறியது என்று கேளுங்கள். கணக்கு என்று நம் மிருதங்க வித்வான்கள் சொல்லும் அதே பொருளில்தான் சொல்கிறேன்: எது, எத்தனை முறை, எந்த வேகத்தில், எந்த வரிசையில் என்ற திட்டம். கணக்கு பிடிபட்டால், துக்கமோ கடலோ கனவோ எதுவாக இருந்தாலும் காதில் விழும்.

தற்காலம் என்று நான் இங்கே எடுத்துக்கொள்வது ஏறக்குறைய கடைசி ஐம்பது, அறுபது ஆண்டுகளை. படைப்புகளைப் பெரும்பாலும் எளிதிலிருந்து கடினம் என்ற வரிசையில் வைத்திருக்கிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும்.

படி 1: காதையும் கருவியையும் தயார் செய்வது

போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். தந்தி வாத்தியங்களில் மிகத் தாழ்ந்த ஒலி தரும் டபுள் பாஸின் அடிச்சுரங்கள் அதில் வரவே வராது. இந்த இசையில் பாதி அங்கேதான் நடக்கிறது. சாதாரண ஹெட்போன் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை.

ஒலி அளவு முக்கியம். சினிமாப் பாட்டு தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே உரப்பில் பதிவாகியிருக்கும். ஆர்கெஸ்ட்ரா அப்படி இல்லை. மூச்சு விடும் சத்தம் அளவுக்குத் தொடங்கி, கூரை அதிரும் அளவுக்குப் போகும். ஆரம்பம் கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டாதீர்கள். ஐந்தாவது நிமிடத்தில் காது வலிக்கும். பாட்டுகளின் உரப்பைத் தானாகச் சமப்படுத்தும் வசதி உங்கள் செயலியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். நடுவில் விளம்பரம் வரும் இடத்தில் கேட்காதீர்கள். நாற்பது நிமிடம் மெல்ல எழும் ஒரு அலைக்கு நடுவே சோப்பு விளம்பரம் வந்தால் அன்றைய கேட்பு அதோடு முடிந்தது.

படி 2: முதல் தடவை ஒன்றும் படிக்காமல்

படைப்பின் பெயர், நேரம், இரண்டு மட்டும் தெரிந்தால் போதும். ஒரு தடவை சும்மா கேளுங்கள். கேட்டு முடித்ததும் ஒரு தாளில் எழுதுங்கள்: சத்தம் எங்கே கூடியது, எங்கே குறைந்தது, எந்தக் கருவி முதலில் வந்தது, எங்கே சலிப்பாக இருந்தது. சலித்த இடத்தையும் கட்டாயம் எழுதுங்கள். இரண்டாம் தடவை கேட்கும்போது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கணக்கு ஒளிந்திருக்கும்.

படி 3: ஆர்வோ பேர்ட்டின் ‘காண்டஸ்’, ஆறேழு நிமிடத்தில் ஒரு முழுப் பாடம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படைப்பைத்தான் கேட்க நேரம் இருக்கிறது என்றால் இதைக் கேளுங்கள்.

ஆர்வோ பேர்ட் எஸ்டோனியாக்காரர், 1935 இல் பிறந்தவர். 1976 டிசம்பர் 4 அன்று ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் காலமானார். அப்போது எஸ்டோனியா சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்தது. பேர்ட் பிரிட்டனை நேரில் சந்தித்ததே இல்லை. அவருடைய இசையின் அபூர்வமான தூய்மையை அப்போதுதான் கண்டுகொண்டிருந்தார். கண்டுகொண்ட வேளையில் ஆளே போய்விட்டார். அந்த இழப்பில் எழுதியது ‘காண்டஸ் இன் மெமோரியம் பெஞ்சமின் பிரிட்டன்’, 1977. தந்தி வாத்தியங்களும் ஒரே ஒரு மணியும், அவ்வளவுதான் வாத்தியக் குழு.

தூண்டுதல் துக்கம். சரி, கணக்கு என்ன?

கர்நாடக இசை கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். நடபைரவி ராகத்தின் அவரோகணம், அதாவது சுரங்களின் இறங்கு வரிசை, அது மட்டும்தான் மெட்டு. மேலிருந்து ச. அப்புறம் ச நி. அப்புறம் ச நி த. அப்புறம் ச நி த ப. ஒவ்வொரு முறையும் உச்சியிலிருந்து மறுபடி தொடங்கி, ஒரு சுரம் கூடுதலாக இறங்குகிறது. சரளி வரிசை சொல்லிக்கொடுக்கும் டீச்சர் இதைக் கேட்டால் புன்னகைப்பார், அவ்வளவு எளிது.

இந்த இறக்கத்தை ஐந்து வாத்தியப் பிரிவுகள் ஐந்து காலங்களில், அதாவது ஐந்து வேகங்களில், வாசிக்கின்றன. முதல் வயலின்கள் வேகமாக இறங்குகின்றன. இரண்டாம் வயலின்கள் அதில் பாதி வேகம், ஒரு ஸ்தாயி கீழே. வியோலா அதிலும் பாதி. செல்லோ அதிலும் பாதி. டபுள் பாஸ் அதிலும் பாதி. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. நாம் வர்ணத்தை இரண்டு மூன்று காலங்களில் பாடுவோம், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. இங்கே ஐந்து காலங்களும் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. முதல் வயலின் பதினாறு சுரம் இறங்கும் நேரத்தில் டபுள் பாஸ் ஏறக்குறைய ஒரு சுரம்தான் நகர்ந்திருக்கும்.

வியோலா தவிர மற்ற ஒவ்வொரு பிரிவும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பாதி மேலே சொன்ன அவரோகணத்தை வாசிக்க, இன்னொரு பாதி ச, க, ப என்ற மூன்று சுரங்களைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. ஒருவர் இறங்கிக்கொண்டே போகிறார், பக்கத்தில் ஒருவர் நகராமல் நிற்கிறார். இந்த முறைக்குப் பேர்ட் வைத்த பெயர் டின்டினபுலி. லத்தீனில் சின்ன மணிகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இதைக் கண்டடைவதற்கு முன் சில ஆண்டுகள் அவர் ஏறக்குறைய எதையும் எழுதாமல், பழைய தேவாலய ஓதுமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

இப்போது கேட்கும் முறை. மூன்று தடவை கேளுங்கள்.

முதல் தடவை உச்சியில் இருக்கும் வயலினை மட்டும் பின்தொடருங்கள். வாயால் கூடவே ச நி, ச நி த என்று முணுமுணுத்துக்கொள்ளலாம். இரண்டாம் தடவை டபுள் பாஸை மட்டும். அது உள்ளே வருவதற்கே காத்திருக்க வேண்டும். வந்த பிறகு அது சுரம் மாற்றும் ஒவ்வொரு முறையும் தரை ஒரு அங்குலம் கீழே போவது போல இருக்கும். அந்தச் சுரமாற்றங்களை விரல் விட்டு எண்ணுங்கள். மூன்றாம் தடவை யாரையும் பின்தொடராமல் மொத்தத்தையும் கேளுங்கள். தொடக்கத்தில் காற்று போல இருந்த ஒலி, யாரும் வேகத்தைக் கூட்டாமலேயே, எடை ஏறி ஏறிப் பெரும் முழக்கமாகிறது. ஒவ்வொரு பிரிவும் தான் இறங்க வேண்டிய சுரத்தை அடைந்ததும் அங்கேயே நின்றுவிடுகிறது. கடைசியாக டபுள் பாஸ் வந்து சேரும்வரை மற்றவர்கள் நின்று காத்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்த முடிவு. எல்லோரும் ஒரே நாதத்தில் உரக்க நிற்கும்போது, அதன் அடியில் மணியை மிக மெல்ல ஒரு முறை தட்டச் சொல்கிறார் பேர்ட். அந்த முழக்கத்தில் அந்தத் தட்டல் யார் காதிலும் விழாது. தந்திகள் சட்டென நின்றதும், யாரும் அடித்ததைக் கேட்காத ஒரு மணியின் நாதம் மட்டும் காற்றில் மிஞ்சியிருக்கும். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், அந்த இடத்தில் இன்றும் மூச்சு நிற்கிறது.

துக்கத்தை அவர் விவரிக்கவே இல்லை. எல்லோரும் ஒரே பாதையில், அவரவர் வேகத்தில் இறங்குகிறார்கள் என்று ஒரு கணக்கு போட்டார். மீதியை அந்தக் கணக்கு பார்த்துக்கொண்டது.

படி 4: தலைப்பை உடனே நம்பாமல் இருப்பது

போலந்தின் கிஷிஸ்தோஃப் பெண்டரெட்ஸ்கி எழுதிய ‘த்ரெனடி’ ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 52 தந்தி வாத்தியங்கள். வாத்தியத்தால் எட்டக்கூடிய மிக உயர்ந்த சுரத்தை எல்லோரும் வாசிக்கிறார்கள், தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கு அப்பால் வில்லைப் போடுகிறார்கள், வாத்தியத்தின் உடலை விரலால் தட்டுகிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து சுவர் போல எழும். தலைப்பைப் படித்துவிட்டுக் கேட்டால் சைரனும் விமானமும் தீயும் தெரிவது நிச்சயம்.

ஆனால் 1960 இல் எழுதியபோது அதன் பெயர் ‘8 நிமிடம் 37 விநாடி’. வெறும் கால அளவு. ஒலிகளை எப்படிக் குவிக்கலாம், எப்படிக் கலைக்கலாம் என்ற சோதனையாகத்தான் அவர் அதை எழுதினார். பிறகு நிகழ்ச்சியில் கேட்டபோது அதன் உணர்ச்சி வேகம் அவரையே தாக்க, ஹிரோஷிமாவின் பெயர் வந்தது.

இதனால் படைப்பு பொய்யாகிவிடவில்லை. தூண்டுதல் எப்போதும் முன்னால் வருவதில்லை என்பதுதான் இதில் தெரிந்துகொள்ள வேண்டியது. சில சமயம் கணக்கு முதலில் பிறக்கும், அது யாருக்கு உரியது என்று பிறகுதான் தெரியவரும். எனவே படைப்பைப் பற்றி இசையமைப்பாளர் எழுதிய குறிப்பைப் படிக்கும்போது, “இதை நினைத்து எழுதினேன்” என்ற வரியைக் கடந்து போய், “இப்படிச் செய்தேன்” என்று வரும் வரியின் கீழே கோடு போடுங்கள்.

படி 5: கனவிலிருந்து வந்த இரண்டு

அமெரிக்காவின் ஜான் ஆடம்ஸ் ஓராண்டுக்கும் மேலாக எதுவும் எழுத வராமல் தவித்துக்கொண்டிருந்தார். ஒரு கனவு. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பாலத்தில் காரில் போகிறார். நீரில் நிற்கும் பிரம்மாண்டமான எண்ணெய்க் கப்பல் ஒன்று, ராக்கெட் போல செங்குத்தாக வானத்தில் கிளம்புகிறது. அதிலிருந்து பிறந்தது ‘ஹார்மோனிலேரே’, 1985. முதல் பகுதியின் தொடக்கத்தைக் கேளுங்கள்: ‘ஈ மைனர்’ என்ற சுரக்கூட்டு ஒன்று சம்மட்டி அடி போல மறுபடி மறுபடி விழுகிறது. மெட்டு இல்லை, எடை மட்டும். அந்த எடை துடிப்பாகி, துடிப்பு ஓட்டமாகி, ஒரு கட்டத்தில் இரும்பு மிதக்கத் தொடங்குகிறது. நடுவில் ஏக்கம் நிறைந்த நீண்ட மெட்டு ஒன்று அலைந்து திரியும். அப்புறம் பழைய வேகம் திரும்பும். ஆற்றல், ஏக்கம், ஆற்றல் என்ற இந்த வடிவத்தைக் குறித்துக்கொண்டால் பதினேழு நிமிடம் போவதே தெரியாது.

ஜப்பானின் தோரு தகெமிட்சு கண்ட கனவு வேறு வகை. ஓவியர் மார்செல் டுஷாம்ப்பின் தலையில் நட்சத்திர வடிவில் முடி மழிக்கப்பட்டிருக்கும் ஒரு புகைப்படம் உண்டு, மான் ரே எடுத்தது. அதைப் பார்த்துவிட்டுத் தூங்கியவரின் கனவில், ஐங்கோண வடிவத் தோட்டம் ஒன்றில் வெண்பறவைக் கூட்டம் இறங்குகிறது. கூட்டத்தை நடத்தி வருவது ஒரு கரும்பறவை. 1977 இல் எழுதிய ‘எ ஃப்ளாக் டிசெண்ட்ஸ் இன்டு த பென்டகனல் கார்டன்’ இதிலிருந்து வந்தது. சுமார் 13 நிமிடம்.

ஐங்கோணம் இங்கே ஐந்து என்ற எண்ணாக மாறுகிறது. பியானோவின் ஐந்து கறுப்புக் கட்டைகள்தான் மூலம், அவற்றில் ‘எஃப் ஷார்ப்’ என்ற சுரம் மையம். அதை ஷட்ஜமாக வைத்து ஐந்தையும் வரிசையாக வாசித்தால் உங்களுக்கு மோகனம் கிடைக்கும். ஆனால் மோகனத்தை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றம்தான். அந்த ஐந்து சுரக் கூட்டத்தை அவர் வெவ்வேறு உயரங்களுக்கு நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மங்கலாக்கிவிடுகிறார். தொடக்கத்தில் ஓபோ என்ற மரக்காற்று வாத்தியம் வாசிக்கும் சின்ன மெட்டுதான் பறவைக் கூட்டம். அதை நினைவில் வைத்துக்கொண்டு, தந்திகள் விரிக்கும் தோட்டத்துக்குள் அது எங்கெங்கே இறங்குகிறது என்று பாருங்கள். ஆடம்ஸைக் கேட்ட அதே நாளில் இதைக் கேட்காதீர்கள். இரண்டுக்கும் வேறு வேறு பொறுமை வேண்டும்.

படி 6: தூண்டுதலே மேடை ஏறும்போது

இது சுலபமான படி, சின்னப் பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துக்கொள்ளலாம். ஃபின்லாந்தின் ஐனோயுஹானி ரவுட்டவாரா 1972 இல் ஓலு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவுக்காக ‘காண்டஸ் ஆர்க்டிகஸ்’ எழுதினார். ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய பகுதியிலும் லிமிங்கா சதுப்பு நிலத்திலும் பதிவு செய்த பறவை ஒலிகள் ஒலிநாடாவில் ஓட, ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கிறது. இரண்டு புல்லாங்குழல்கள் தொடங்கிவைக்கும். நடுப்பகுதியில் கரையோர வானம்பாடி ஒன்றின் குரலை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கியிருக்கிறார். சின்னப் பறவை ஏதோ பெரிய, காணாத பறவையாகிவிடுகிறது. கடைசியில் அன்னங்கள் கூட்டமாகப் புலம்பெயர்கின்றன. பறவை எங்கே முடிகிறது, வாத்தியம் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

படி 7: கடிகாரத்தோடு ‘பிகம் ஓஷன்’

ஜான் ஆடம்ஸ் வேறு, ஜான் லூதர் ஆடம்ஸ் வேறு. தேடும்போது பலரும் குழம்புகிறார்கள். இரண்டாமவர் 1978 முதல் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அலாஸ்காவில் வாழ்ந்தவர், சுற்றுச்சூழல் இயக்கத்தில் வேலை செய்தவர். பனி உருகி, கடல் மட்டம் உயர்ந்து, கடலிலிருந்து வந்த மனிதர்கள் மீண்டும் கடலாகவே ஆகிவிடக்கூடும் என்ற எண்ணம்தான் ‘பிகம் ஓஷன்’. சியாட்டில் சிம்பொனி கேட்டு எழுதியது, 2013 ஜூனில் லுடோவிக் மோர்லோ நடத்த அரங்கேறியது, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. சுமார் 42 நிமிடம், இடைவெளியே கிடையாது.

இதில் முணுமுணுக்க மெட்டு எதுவும் கிடைக்காது. முதல் முறை கேட்டபோது எனக்கும் பத்தாவது நிமிடத்தில் கவனம் சிதறியது. கணக்கு தெரிந்த பிறகு எழுந்திருக்கவே முடியவில்லை.

ஆர்கெஸ்ட்ரா மூன்று கூட்டங்களாகப் பிரிகிறது: தந்தி வாத்தியங்கள், மரக்காற்று வாத்தியங்கள், பித்தளை வாத்தியங்கள். மேடையில் முடிந்தவரை தள்ளித் தள்ளி உட்காருகிறார்கள். ஒவ்வொரு கூட்டமும் எழுந்து தணிகிறது, எழுந்து தணிகிறது. ஆனால் மூன்றின் அலை நீளமும் வேறு வேறு. கடற்கரையில் நிற்கும்போது, காலடியில் சின்ன அலை, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, தூரத்தில் பெரிதாக ஒன்று என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வரும் இல்லையா, அதேதான். எப்போதாவது மூன்றும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வரும். 42 நிமிடத்தில் அது மூன்றே தடவை நடக்கிறது: 7, 21, 35 ஆகிய நிமிடங்களையொட்டி.

இன்னொன்றும் உண்டு. நடு உச்சிக்குப் பிறகு மொத்தப் படைப்பும் பின்னோக்கித் திரும்புகிறது. ‘விகடகவி’ போல, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. அடி ஆழத்தில் தொடங்கியது, வந்த வழியே திரும்பி, அதே ஆழத்தில் முடிகிறது.

கேட்கும் விதம்: கடிகாரத்தைக் கண்ணில் படும்படி வையுங்கள். முதல் ஏழு நிமிடம் பித்தளையை மட்டும் கவனியுங்கள். அவை சத்தமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், முதலில் ஒரு நிழல் போலத்தான் தெரியும். முதல் உச்சி கடந்ததும் தந்திகளுக்கு மாறுங்கள். 21 ஐ நெருங்கும்போது எதையும் பின்தொடராமல் விட்டுவிடுங்கள், அந்த அலை உங்களை எடுத்துக்கொள்ளட்டும். அதன் பிறகு வருவதெல்லாம் ஏற்கெனவே கேட்டதுதான், தலைகீழாக. 35 இல் எழும் அலை 7 இல் எழுந்ததன் கண்ணாடிப் பிம்பம். ஆனால் முதல் தடவை அது மிரட்டியது, இப்போது வேறு மாதிரி இருக்கிறது. ஒரே ஒலி, நாம்தான் 28 நிமிடம் நீருக்குள் இருந்திருக்கிறோம்.

இது நிபுணர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் இந்தப் பதிவைக் கேட்டுவிட்டு 2015 இல் சியாட்டில் சிம்பொனிக்கு 50,000 டாலர் நன்கொடை அனுப்பினார்.

படி 8: வாசிப்பவர் பக்கம் உட்கார்ந்து கேட்பது

இதுவரை எழுதுபவரின் கணக்கைப் பார்த்தோம். வாசிப்பவருக்கு அந்தத் தூண்டுதல் எப்படிப் போய்ச் சேருகிறது என்று தெரிந்துகொள்ள, ஐஸ்லாந்தின் அன்னா தோர்வல்ட்ஸ்டோட்டிரைக் கேளுங்கள். ‘மெட்டாகாஸ்மாஸ்’, 2018 இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக், எஸா-பெக்கா சலோனனின் தலைமையில் அரங்கேற்றியது. கருந்துளைக்குள் விழுவதை ஒரு உருவகமாக வைத்து எழுதியது, என்ன இருக்கிறதென்று தெரியாத இடத்துக்குப் போவதைப் பற்றி.

இவருடைய இசையில் நீண்ட கார்வைகள் அதிகம். ஒரே சுரத்தை நிமிடக் கணக்கில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வாசிப்பவருக்கு அது சலிப்பான வேலையாகிவிடும் ஆபத்து உண்டு. அதற்காகத் தன் இசைத்தாள்களில் அவர் ஒரு குறிப்பு எழுதிவைக்கிறார். நீண்ட ஒற்றைச் சுரத்தைக் கண்டால், அதை எளிதில் வாடிவிடும் ஒரு பூவாக நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கையில் ஏந்தி, கீழே போடாமல், நீங்களும் விழாமல், மெல்லிய கயிற்றின்மேல் நடந்து போக வேண்டும். குறிப்பின் சாரம் இதுதான்.

தம்பூரா மீட்டியவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். ‘மெட்டாகாஸ்மாஸ்’ ஓடும் சுமார் 14 நிமிடத்தில் ஏதாவது ஒரு நீண்ட சுரத்தைத் தேர்ந்தெடுத்து, அது தொடங்கியதிலிருந்து மறையும்வரை அதை மட்டும் கேளுங்கள். சுற்றிலும் தாள வாத்தியங்கள் உறுமும், தந்திகள் கீச்சிடும். அந்த ஒரு சுரத்தை யாரோ கையில் ஏந்திக்கொண்டு நடப்பது தெரியும்.

படி 9: சொந்தமாகத் தொடர்வது

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு படைப்புக்கும் மூன்று வரி: தூண்டுதல் என்ன, கணக்கு என்ன, அதை எந்த நிமிடத்தில் காதால் கேட்டேன். மூன்றாவது வரி காலியாக இருந்தால் இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டாவது வரி காலியாகவே இருந்தால், அந்தப் படைப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதில் தவறில்லை. வெறும் தூண்டுதலை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும் படைப்புகளும் உலகில் நிறைய இருக்கின்றன.

அடுத்ததாக, போலந்து இசையமைப்பாளர் ஹென்ரிக் குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனிக்குப் போகலாம். 1976 இல் எழுதியது. அதன் இரண்டாம் பகுதியில் சோப்ரானோ, அதாவது உச்சக் குரல் பாடகி, பாடும் சொற்கள், 1944 செப்டம்பரில் சாகோபனே ஊரின் நாஜிச் சிறையில் 18 வயதுப் பெண் ஒருத்தி சுவரில் கீறியவை: அம்மா, அழாதே என்று தொடங்கும். முதல் பகுதியைக் கேட்கும்போது பேர்ட்டின் பாடம் கைகொடுக்கும். டபுள் பாஸ்கள் அடியில் ஒரு மெட்டைத் தொடங்க, பிரிவுகள் ஒவ்வொன்றாக அதையே மேலே வாங்கிக்கொண்டு சேரும். பேர்ட்டில் எல்லோரும் இறங்கினார்கள், இங்கே ஏறுகிறார்கள்.

நேரில் கேட்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். இந்தியாவில், 2006 இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா மும்பையின் தேசிய நிகழ்த்துகலை மையத்தில் வாசிக்கிறது. முதல் வரிசை டிக்கெட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். அங்கே உங்கள் முன்னால் இருக்கும் வயலின்கள்தான் கேட்கும், பின்னால் இருக்கும் ஹார்ன் என்ற பித்தளை வாத்தியங்களின் ஒலி தலைக்கு மேலே போய்விடும். மாடியின் நடுவில் உட்காருங்கள். நிகழ்ச்சி நிரலில் எப்போதாவது பேர்ட்டின் ‘காண்டஸ்’ இருந்தால், முழக்கம் உச்சத்தில் இருக்கும்போது மேடையின் பின்பக்கம் மணி அருகே நிற்பவரின் கையைப் பாருங்கள்.